மலை தெரியும் கண்ணாடி

மாடியில் டொப்பென்று சத்தம் கேட்டது. குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த வேதா, "போச்சு, இன்னைக்கும் ஒண்ணா" என்று முனகிக்கொண்டே அதன் வாயைத் துடைத்துவிட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டாள். இன்னொரு கையில் முறமும் துடைப்பமும். கொஞ்ச நாளாக இதே பிழைப்பாகப் போய்விட்டது அவளுக்கு. விடிந்தால் ஒரு சிட்டுக்குருவி, பொழுது சாய்ந்தால் ஒரு மைனா. மாடியறையின் கண்ணாடியில் முழு வேகத்தில் வந்து மோதிக் கழுத்துத் திரும்பிக் கிடக்கும். அதை முறத்தில் வாரிக் கொல்லையில் புதைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம்தான் அவள் அடுத்த வேலையைப் பார்க்க முடியும்.

ஏறிப் பார்த்தால் தரையில் ஒன்றுமே இல்லை.

கண்ணாடியில் மோதிய அடையாளம் இருந்தது. விரித்த இறக்கையின் தூசி அப்படியே, ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரியும்படி பதிந்திருந்தது. புறாவாக இருக்கும். ஆனால் புறாவைக் காணோம். பூனை தூக்கிப்போக நேரமில்லை, சத்தம் கேட்ட உடனே ஏறி வந்தவள் அவள். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். எங்கேயும் இல்லை. செத்தாலும் தொல்லை, சாகாமல் தொலைந்தாலும் தொல்லை. தேடிய நேரத்துக்குப் பாத்திரமாவது கழுவியிருக்கலாம் என்று எரிச்சலோடு இறங்கிப் போனாள்.

அந்தக் கண்ணாடியைச் சொன்னாலே வேதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜில்லாவை இரண்டாகப் பிரித்து ஆபீஸெல்லாம் வேங்கிக்கால் பக்கம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தபோதே அவள் புருஷன் ஆதிமூலம் இங்கே மனை வாங்கிவிட்டான். வீடு கட்டியதில் அவளுக்குக் குறையில்லை. மாடியில் ஓர் அறை போட்டு, மலையைப் பார்த்த பக்கம் சுவரே வைக்காமல், மெட்ராஸிலிருந்து வைக்கோல் சுற்றி லாரியில் வரவழைத்த கறுப்புக் கண்ணாடியை ஆளுயரத்துக்குப் பதித்தானே, அதுதான் ஆகவில்லை. உள்ளே உட்கார்ந்தால் மலை முழுசாகத் தெரியும். வெளியே மொட்டைமாடியில் நின்று பார்த்தாலும் கண்ணாடிக்குள் மலை தெரியும், வானம் தெரியும், மேகம் தெரியும். பறவைக்கு என்ன தெரியும் பாவம், அதுவும் வானம்தான் என்று நேராக வந்து விழுகிறது.

அந்தக் கண்ணாடி அவளுக்காக வைத்ததும் இல்லை. அது தனத்துக்காக.

தனம் ஆதிமூலத்தின் மூத்த சம்சாரம். பிள்ளை இல்லாமல், கடைசிக் காலத்தில் எழுந்து உட்காரவும் முடியாமல், பேகோபுரத் தெருப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்து போனவள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மலை தலைக்கு மேலேயே நிற்கிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு தடவை மலையைப் பார்க்கணும் என்று கேட்டுக் கேட்டே செத்துப்போனாள் என்று ஆதிமூலம் சொல்வான். சொல்லும்போதெல்லாம் அவன் குரல் கம்மிவிடும். வேதா என்ன கல்லா, அவளுக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் பாவப்படுவது? போட்டோ கூடத்தில் மாட்டியாயிற்று, தினமும் பூ வைத்தாயிற்று. கலா பிறந்தபோது குழந்தைக்கும் தனம் என்றே பேர் வைக்கலாம் என்றான். அன்றைக்குத்தான் வேதா முதல் தடவையாக அவனோடு சண்டை போட்டாள். என் வயிற்றில் பிறந்ததுக்கு இன்னொருத்தி பேரா என்று கத்தி, கலா என்று வைத்தாள். அதில் மட்டும்தான் அவள் ஜெயித்தாள்.

கண்ணாடி விஷயத்தில் தோல்வியோ தோல்வி. பழைய பேப்பரைப் பசை தடவி ஒட்டினாள். மலை மறைகிறது என்று ஆதிமூலம் அன்று சாயங்காலமே பிளேடால் சுரண்டி எடுத்தான். கெட்டுப்போன கேசட்டின் நாடாவை உருவிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். காற்றில் அது விர்ரென்று அழுததே தவிர, குருவிகள் அதற்கு நடுவில் புகுந்து வந்து முட்டிக்கொண்டன. கோலமாவைக் கரைத்துக் கோடு கோடாக இழுத்தாள், ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் கழுவிவிட்டது. வைக்கோல் பொம்மை கட்டி நிறுத்தினாள். ஒரு கொண்டைக்குருவி அதன் தலைமேல் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, அங்கிருந்தே பறந்து போய்க் கண்ணாடியில் அடித்துக்கொண்டு செத்தது. அன்றைக்கு வேதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஆத்திரத்தில்தான் அவள் காக்கையைக் கட்டினாள். பால் ஊற்ற வரும் காசியம்மாளுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுகிற கொல்லை உண்டு. விதை போட்டதும் செத்த காக்காய் ஒன்றைக் கழியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் ஒரு பறவை கிட்டே வராது, எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிறதுதான் என்றாள். சொன்னதோடு நில்லாமல் கரண்ட் கம்பியில் அடிபட்டுச் செத்த ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். வேதா அதன் காலில் சணல் கட்டி, கண்ணாடிக்கு முன்னால் தொங்கவிட்டாள். குருவிகள் அதை மதிக்கவே இல்லை, வழக்கம்போல வந்து மோதின. ஆனால் ஊரில் இருக்கிற காக்கையெல்லாம் வந்துவிட்டன. கைப்பிடிச் சுவர், தொட்டி, ஆன்டெனா என்று இடம் விடாமல் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் கத்தித் தீர்த்தன. ஆதிமூலம் ஆபீஸிலிருந்து வருவதற்குள் அவள் அதை அவிழ்த்துப் புதைத்துவிட்டாள். இருட்டியதும் எல்லாக் காக்கைகளும் ஒன்றாக எழுந்து போயின. அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் ஒரு காக்கைகூட வரவில்லை. அமாவாசைக்கு வைத்த சோறு வைத்தபடியே காய்ந்தது.

இப்போது தனத்தின் தெவசம் வந்து நிற்கிறது.

புது வீட்டில் இதுதான் முதல் தெவசம். காக்கை வந்து இலையைத் தொட்டால்தான் வீட்டில் பச்சைத்தண்ணீர் பல்லில் படும். ஆதிமூலத்தின் அக்கா ரேணுகாம்பாள் போளூரிலிருந்து முதல் நாளே வந்து இறங்கிவிட்டாள், அந்த அம்மாள் இதிலெல்லாம் ரொம்பக் கறார். செத்த காக்கை கட்டிய கதை அவள் காதுக்குப் போனால் அவ்வளவுதான். வேதா யாரிடமும் மூச்சு விடவில்லை. ராத்திரியே தன் பழைய நூல் புடவை இரண்டை எடுத்துப் போய்க் கண்ணாடியை மேலிருந்து கீழ்வரைக்கும் மூடிக் கட்டினாள். நாளைக்கு ஒரு நாளாவது எதுவும் மோதாமல் இருக்கட்டும், காக்கைக்குப் பயம் தெளியட்டும் என்று.

காலையில் போய்ப் பார்த்தால் புடவைகள் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தன.

"இன்னாங்க இது? நான் கட்டினதை ஏன் அவுத்தீங்க?"

"இன்னைக்கு அவ வர்ற நாள்," என்றான் ஆதிமூலம். "இன்னைக்குப் போயி மலையை மறைப்பாங்களா?"

சொன்னால் கேட்கிற ஜென்மமாக இருந்தால்தானே. வேதா பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

தனத்துக்குப் பிடித்த கத்திரிக்காய்க் காரக்குழம்பு, உளுந்து வடை, பாயசம் எல்லாம் ஆயிற்று. உச்சிப் பொழுதில் இலையைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்து ஆதிமூலம் கா கா என்று கூப்பிட்டான். ரேணுகாம்பாளும் கூப்பிட்டாள். தூரத்தில் ஏரிக்கரைப் புளியமரத்தில் கறுப்புக் கறுப்பாகக் காக்கைகள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒன்றும் அசையவில்லை. சாதத்தின் ஆவி அடங்கியது. நெய் சோற்றுக்குள் இறங்கிப்போனது. குழம்பின்மேல் ஏடு படிந்தது.

காக்கை எடுக்காவிட்டால் செத்தவருக்கு ஏதோ மனக்குறை இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தீர்க்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரேணுகாம்பாள் ஆரம்பித்தாள். உன் அம்மாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உன் சங்கிலியை விற்கவில்லை, உனக்குச் சுமங்கலிப் புடவை எடுத்து வைக்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தி, மரத்தைப் பார்த்தாள். உன்னை ஒரு நாளும் மறக்கவில்லை என்று ஆதிமூலமும் சொல்லி, பெண்டாட்டி பக்கத்தில் நிற்பதையும் மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். மரம் அப்படியே இருந்தது. வேதாவுக்குப் பசியில் காது அடைத்தது. குழந்தை வெயிலில் சிணுங்கிச் சிணுங்கி அவள் தோளிலேயே தூங்கிப்போனது.

பொழுது சாயத் தொடங்கியபோது ரேணுகாம்பாளுக்குச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றியது. ஆதிமூலம் அவளைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தான். பிறகு இன்னோர் இலையில் கொஞ்சம் சோறு எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைக்கே போய் வைத்துப் பார்க்கிறேன், நீ இங்கேயே இரு, இலையைத் தனியாக விடாதே என்று சொல்லிவிட்டுப் போனான். இருக்கச் சொன்னால் இருக்க வேண்டியதுதான், வேறென்ன செய்வாள்? தூங்குகிற குழந்தையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிச் சாய்த்துக்கொண்டாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. மலையின் நிழல் வயலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, சத்தமில்லாமல் வந்து வீட்டின்மேல் ஏறியது. கல் சுடுவது நின்று தரையில் ஒரு குளுமை பரவியது. நாள் முழுக்க வெளியே கிடந்த சோற்றிலிருந்து லேசான புளித்த வாடை வந்தது. அதோடு வேறொரு வாடையும் கலந்திருந்தது, மூடி வைத்த அறையில் ரொம்ப நாள் படுத்துக் கிடந்தவர்களின் பாயிலிருந்து வருமே, தைலமும் வியர்வையுமாக, அது. வேதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு பறவைகூட வந்து மோதவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பறக்கிற சத்தமே இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

அதற்காக நிம்மதி வர வேண்டும். வரவில்லை. அதற்குப் பதில் கோபம்தான் வந்தது. விழுந்து விழுந்து சமைத்ததும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு செத்தவளுக்குப் பின்னால் இரண்டாவதாகவே நின்றதும், இந்தப் பாழாய்ப்போன கண்ணாடியோடு மாரடித்ததும் எல்லாம் சேர்ந்துகொண்டன. அவள் இலையைப் பார்த்துப் பேசினாள். முதலில் மெல்லத்தான்.

"உனக்கு இன்னாதான் வேணும்? வீடு உன்னுது. புருஷன் உன்னுது. மலை வேணும்னே, மலையும் வெச்சாச்சு. இன்னும் இந்த வீட்டுல எது உன்னுதுன்னு நெனைக்கிறியோ, அதையும் எடுத்துக்கினு போ. என்னை விட்டுடு."

சொல்லி முடித்ததும் டொப்பென்று கேட்டது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணாடியில் எதுவும் மோதியிருக்கவில்லை. சத்தம் வெளியிலிருந்து வரவில்லை, அறைக்கு உள்ளேயிருந்து வந்த மாதிரி இருந்தது. கறுப்புக் கண்ணாடியில் அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர், அதன்மேல் இலை, அதற்குப் பின்னால் மலை.

இலையில் காக்கை இருந்தது.

"அப்பாடா" என்று வேதா வாய்விட்டே சொல்லிவிட்டாள். மெல்ல, அது பறந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். சுவரின்மேல் இலை மட்டும் இருந்தது. காக்கை இல்லை.

கண்ணாடியைப் பார்த்தாள். காக்கை குனிந்து குனிந்து கொத்திக்கொண்டிருந்தது. அதன் காலில் சணல் கட்டியிருந்தது.

மறுபடி திரும்பினாள். காக்கை இல்லை. ஆனால் இலையில் இருந்த சோற்றின் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி பெரிதானது. ஒரு வடை தானாக நகர்ந்து, இலையின் ஓரத்துக்குப் போய், இல்லாமல் போனது.

கீழே கதவு திறந்தது. ஆதிமூலத்தின் செருப்புச் சத்தம். அங்கேயும் எடுக்கவில்லை என்று அவன் சொல்வதும் ரேணுகாம்பாள் பெருமூச்சு விடுவதும் கேட்டன. பிறகு ரேணுகாம்பாள் படிக்கட்டின் கீழிருந்து மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வேதா, இலையைத் தொட்டுச்சாம்மா?"

வேறு என்ன சொல்ல முடியும்? நாள் முழுக்க எல்லாரும் காத்திருந்த ஒன்று. பாதி இலை காலியாகிவிட்டது.

"எடுத்துடுச்சு அண்ணி," என்றாள் வேதா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

கீழே கலகலப்பு வந்துவிட்டது. தனம் மனசு குளிர்ந்துட்டா என்று ரேணுகாம்பாள் சொன்னாள். ஆதிமூலம் தண்ணீர் சொம்பை எடுத்தான். இலை விரிக்கிற சத்தம், கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம். வேதாவை வரச்சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். அவளால் கால் எடுத்து வைக்க முடியவில்லை.

கண்ணாடிக்குள் கைப்பிடிச் சுவர் முழுக்கப் பறவைகள் உட்கார்ந்திருந்தன. சிட்டுக்குருவிகள். மைனாக்கள். கொண்டைக்குருவி. ஒரு புறா. இத்தனை நாளாக அவள் வாரிப் புதைத்தவை, வாரக் கிடைக்காதவை, எல்லாம். கழுத்துகள் ஒரு பக்கமாகத் திரும்பியே இருந்தன. ஒன்றும் சிறகடிக்கவில்லை. ஒன்றும் கத்தவில்லை.

காக்கை சாப்பிட்டு முடித்துவிட்டு அலகைச் சுவரில் தீட்டியது. அந்தச் சரக் சரக் என்ற ஒலி அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

தைல வாடை அதிகமானது.

கண்ணாடியில், பறவைகளுக்கு நடுவே ஒருத்தி நின்றாள். இவளுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்தபடி. ஒல்லியான தோள். நோயில் முடி கொட்டிப்போன தலை. கூடத்துப் போட்டோவில் இருக்கிற நீண்ட பின்னல் இல்லை. அவள் ஒரு கையை நீட்டி மலையைக் காட்டினாள். யாருக்கோ காட்டினாள். அவள் தோளின்மேல் ஒரு சின்ன முகம் தாடையை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

கலா.

இல்லை. கலா இங்கேதான் இருக்கிறாள். என் இடுப்பில். சூடாக. இதோ மூச்சு விடுகிறாள், கழுத்தில் படுகிறது.

கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். இடுப்பு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. கை அணைத்திருந்தது. அணைப்புக்குள் ஒன்றுமில்லை.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கீழே ஆதிமூலம் ரசம் கேட்டான்.

குனிந்து பார்த்தாள். குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது. இரண்டு கையையும் நீட்டியது. மத்தியானத்திலிருந்து தூக்கி வைத்திருந்ததில் கடுத்துப்போயிருந்த இடுப்பு இப்போது வலிக்கவில்லை. கனம் தெரியவில்லை.

இறுக்கிப் பிடித்தாள்.

இன்னும் இறுக்கினாள். கை குழந்தையின் உடம்புக்குள் போனது.

குழந்தை சிரித்தபடியே இருந்தது. கை இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.